யாரையும் தொடாத கிளைசின்

எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், என் லேப்டாப்பில் பைத்தான். முன் அறையில் இரண்டு விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவள் என்பதால் எனக்குக் குரல் பெரிசு. கோபமும் சட்டென்று வந்துவிடும். "நீ பேசினா டிரைவரே திரும்பிப் பாக்குறாரு, மெதுவாப் பேசுடி" என்பாள் என் சிநேகிதி. எனக்கு ஊர் அருப்புக்கோட்டை, அவளுக்குப் பாலவனத்தம். மதுரையில் ஒரே சாரிடம் இரண்டு பேரும் ஆராய்ச்சி மாணவிகளாகச் சேர்ந்திருந்தோம். காலையில் அவள் அருப்புக்கோட்டைக்கு வந்து சேருவதற்குள் நான் மதுரை பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்டில் துப்பட்டாவைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்து வைத்திருப்பேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளமான சங்கிலி. அது நீட்டிக்கொண்டு கிடக்காது. சுருண்டு, மடங்கி, ஒரு உருவத்துக்கு வந்துவிடும். அப்படி மடங்கும்போது சங்கிலியில் எங்கெங்கோ இருந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். யார் யாரைத் தொடுகிறார்கள் என்று கம்ப்யூட்டரில் கணக்கெடுப்பது என் வேலை. ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் பீட்டா கார்பன் என்று ஒரு அணு உண்டு. இரண்டு பேருடைய பீட்டா கார்பன்களும் எட்டு ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் அவர்கள் தொடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்ஸ்ட்ராம் என்றால் பயப்பட வேண்டாம், அணுக்களை அளக்கிற முழம், அவ்வளவுதான்.

அவள் வேலை கைவேலை. பாக்டீரியாவுக்குள் அந்தப் புரதத்தை வளர்த்து, பாக்டீரியாவை உடைத்து, புரதத்தைப் பிரித்து எடுக்க வேண்டும். அதில் ஒரு இடத்தில் ஒளிரும் சாயம் ஒன்றை ஒட்டினால்தான் அவளுடைய ஆராய்ச்சியே நகரும். அதற்கு அங்கே இருக்கும் ஒரு அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு சிஸ்டீன் என்ற வேறொன்றை வைக்க வேண்டும். எடுக்கப்படுவது யாரையும் தொடாத ஆளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்த மடிப்பும் கெட்டுவிடும்.

"எந்த இடம்னு நீயே பாத்துச் சொல்லு" என்றாள். "உன் கணக்குன்னா நான் கண்ணை மூடிக்கிட்டுச் செய்வேன்."

அன்று மத்தியானமே பட்டியல் போட்டேன். குறைவாகத் தொடுகிறவர்கள் மேலே வரும்படி வரிசை. மேலே வந்தது எல்லாம் கிளைசின். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். எனக்கு ஒரே குஷி. அமினோ அமிலங்களிலேயே சின்னது கிளைசின்தான், அது யார் வம்புக்கும் போகாமல் இருப்பதில் என்ன அதிசயம் என்று நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"எண்பத்தி மூணாவது கிளைசின்டி" என்றேன் அவளிடம். "தேமேன்னு உக்காந்திருக்கு. அதைத் தூக்கிட்டு வேற ஒண்ணை வச்சா ஏன்னு கேக்க நாதி கெடையாது."

அவள் அதையே தூக்கினாள். அதன் பிறகு அவளுக்குப் புரதம் வரவேயில்லை. பாக்டீரியா நன்றாக வளரும். உடைத்துச் சுழற்றினால் புரதம் மேலே தண்ணீரில் கரைந்து நிற்க வேண்டும். அவளுக்கோ, பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாக அடியில் போய் உட்கார்ந்துவிடும். சூட்டைக் குறைத்துப் பார்த்தாள். உப்பை மாற்றிப் பார்த்தாள். மருந்துகளையெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்தாள். மாதக்கணக்கில் இதே கதை. சார் முதலில் பொறுமையாகத்தான் இருந்தார். ஒருநாள் எல்லோரும் கூடியிருந்த கூட்டத்தில், "சிலருக்குக் கை அமையிறதில்லம்மா, என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டார். அவள் குனிந்து நோட்டில் எதையோ எழுதுவதுபோல எழுதிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவள் அந்த வேலையை வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தொடங்கினாள். சுழற்றும் மெஷினின் மூடியில் ஒரு விரல் விபூதி பூசினாள்.

"ஏண்டி, கிளைசினுக்கு விபூதியா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

வைகாசியில் என் கட்டுரைக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். யார் யாரைத் தொடுகிறார்கள் என்பதைக் கட்டம் கட்டமாக நிறம் தீட்டிக் காட்டுகிற படம். அதில் குறுக்கும் நெடுக்குமாகச் சில வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தன. எந்த இடம் என்று எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளைக் கோடும் ஒரு கிளைசின். கிளைசினுக்குத்தான் பீட்டா கார்பனே கிடையாதே! அது மொட்டை ஆள். அதற்கு மட்டும் பக்கத்திலுள்ள ஆல்ஃபா கார்பனை வைத்து அளக்க வேண்டும். இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது அது. எனக்கும் தெரியும். ஆனால் புரோகிராமில் நான் எழுதியிருந்தது, பீட்டா கார்பன் இல்லையென்றால் தாண்டிப் போ என்று. அது பாட்டுக்குத் தாண்டிப் போயிருக்கிறது. கிளைசின் யாரையும் தொடாமல் இல்லை. கிளைசினை நான் விசாரிக்கவே இல்லை.

அந்த ஒரு வரியைத் திருத்தி ஓட்டினேன். எண்பத்து மூன்றாவது கிளைசினைச் சுற்றிப் பதினோரு பேர். அவ்வளவு நெருக்கடியான மூலை. கிளைசினைத் தவிர வேறு எதையும் அங்கே நுழைக்க முடியாது. நுழைத்தால் எல்லாம் பிதுங்கி, மடிப்பு கலைந்து, கட்டி கட்டியாக அடியில்தான் போய் உட்காரும். அவள் கையில் ஒரு கோளாறும் இல்லை.

எழுந்து போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் அடுத்த அறையில்தான் இருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டுரைக்கான படத்தைத் திருத்தினேன், சேமித்தேன், லேப்டாப்பை மூடினேன். அந்தக் கட்டுரையைப் பற்றிச் சார் நாலு பேரிடம் பெருமையாகப் பேசியிருந்தார். அதை முதலில் அனுப்பிவிடலாம், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஊர் கேட்கப் பேசுகிறவளுக்கு இதற்கு மட்டும் வாய் வரவில்லை.

மறுநாள் பஸ் காரியாபட்டியைத் தாண்டும்போது அவள் கேட்டாள்: "ஏ, ஒளிக்காமச் சொல்லு. என் கையிலதான் கோளாறா?"

"இன்னொரு தடவை செஞ்சு பாருடி" என்றேன்.

சொன்னேனே, சண்டாளி! அவளும் செய்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை செய்தாள். அந்த நாட்களில் பஸ்ஸில் பாதி வழிக்கு மேல் கண்ணை மூடித் தூங்குகிறவள்போல நடித்திருக்கிறேன். ஆடிக்குள் புரதம் வராவிட்டால் வேறு வழி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் சார். "சார் இப்படிச் சொல்லிட்டாவுகளே" என்று அதையும் அவள் என்னிடம்தான் வந்து சொன்னாள். வீட்டிலும் மதுரைக்கு அலைந்தது போதும் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். ஆடியில் விலகல் கடிதம் எழுதினாள். கையெழுத்துப் போடப் பேனா என்னிடம்தான் வாங்கினாள். கொடுத்தேன்.

என் கட்டுரை ஐப்பசியில் ஏற்கப்பட்டது. இனி என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று ஆனபிறகுதான் எனக்கு மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. அப்படிப்பட்ட மனசாட்சி! அவள் நரிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவோடு அங்கேயே வீடு எடுத்திருந்தாள். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சுழி வழியாகப் போனேன். மழை பெய்து கண்மாய்களில் தண்ணீர் கிடந்தது. வைகாசியிலேயே தெரியும்டி, வைகாசியிலேயே தெரியும்டி என்று வழி நெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன். கிளைசின், பீட்டா கார்பன், நான் எழுதிய வரி. பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப என் கை?"

"உன் கையில ஒண்ணுமே இல்லடி. எல்லாம் என் தப்பு."

"அம்மா, இங்க வாயேன்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். "என் கையில கோளாறு இல்லியாம், அம்மா!"

அவள் அம்மா சேலையில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். "அது எனக்குத் தெரியாதாக்கும்" என்றார்கள். சொல்லும்போதே அழுதுவிட்டார்கள்.

"சார்கிட்ட நான் பேசுறேன், நீ திரும்பி வா" என்றேன்.

"எங்க வர? என் எடத்துக்கு வேற பிள்ளை வந்திருச்சு" என்றாள். எனக்குப் பாயை விரித்துப் போட்டுவிட்டு, "இது எப்பத் தெரிஞ்சது உனக்கு?" என்று கேட்டாள்.

"போன வாரம்."

என் வாய்தான் சொன்னது.

அவள் பெருமூச்சு விட்டாள். "ஆடிக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன். ம்... உனக்கே தெரியாதப்ப நீ என்ன செய்வ, பாவம்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்ச உடனே இம்புட்டுத் தூரம் பஸ்ஸேறி வந்து சொன்னியே. வேற ஒருத்தியா இருந்தா மூடி மறைச்சிருப்பா."

"சாப்பிட்டுத்தான் போகணும் தாயி" என்று அவள் அம்மா இலை எடுக்கப் போனார்கள்.

சாப்பிட்டேன். ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.