பையைத் தொட்டுவிட்டுச் சிரிப்பவர்

ஓசூரில் எங்கள் தையல் கம்பெனிக்கு ஒரு டாக்டர் வந்தார். ஒரே குடும்பத்தில் ஆஸ்துமா ஏன் தொடர்கிறது என்று ஆராய்கிறவர். நரைத்த தாடி, கசங்கிய சட்டை. அவருக்கும் இளைப்பு உண்டு. சிரிப்பு வந்தால், சட்டைப் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் சிரிப்பார்.

என் இளைப்பு மகளுக்கும் வந்துவிட்டதே என்று நான் தூக்கமில்லாமல் தவித்த சமயம் அது. எங்கள் இருவரின் எச்சிலையும் குப்பியில் வாங்கிக்கொண்டு, “காரணம் உங்க ஜீன்ஸ்ல இருக்குதான்னு பார்க்கணும்மா” என்றார்.

“சார், நான் ஜீன்ஸ்ல பாக்கெட் மட்டுந்தான் தைக்கிறேன். சட்டை லைனுக்கு மாறிட்டா பாப்பாவுக்குச் சரியாயிடுங்களா?”

அவர் பையைத் தொட்டார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“இது உடம்புக்குள்ள இருக்கற ஜீன்மா. பெத்தவங்ககிட்டருந்து வரும்.”

“அப்ப என் தப்புதானுங்களா?”

“வேணும்னேவா குடுத்தீங்க? எங்கப்பா எனக்கு இளைப்பும் குடுத்தாரு, இந்தச் சிரிப்பும் குடுத்தாரு. மருந்த விடாம இழுக்கச் சொல்லுங்க, பாப்பா நல்லா ஓடும்.”

ஓடுகிறாள். இன்ஹேலருக்கென்று அவள் சுடிதாரில் நான் ஒரு பை வைத்துத் தைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் அதைத் தொட்டுக்கொண்டுதான் சிரிக்கிறாள். அது எந்த ஜீனில் வந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.