பச்சையாக வெந்த கேக்கும் பொடி சாரும்

"முதுநிலை ஊட்டச்சத்து ஆலோசகர், சமையல்முறை உருவாக்கப் பிரிவின் தலைவர்" என்கிறது அவருடைய அடையாள அட்டை. அந்தப் பிரிவில் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. அவராவது அங்கே இருந்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. சமையலில் அவருக்கு இருந்த அனுபவம் தட்டை நீட்டுவது. முதலாளி அவருடைய அக்காவின் கணவர் என்பதையும் சேர்த்துக்கொண்டால் தகுதிப் பட்டியல் முடிந்துவிடும்.

நிறுவனம் விற்றது சோக்பெர்ரிப் பொடி. மிளகைவிடச் சற்றுப் பெரிய, கரிய பழத்தை உலர்த்தி அரைத்தது. வெறும் வாயில் ஒரு சிட்டிகை போட்டால் துவர்ப்பில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். சரக்கைக் குறை சொல்ல முடியாது: நார்ச்சத்து உண்டு, அந்தக் கருநீல நிறமே ஒரு சத்து. குறையெல்லாம் பொட்டலத்தோடு போன துண்டுப் பிரசுரத்தில். அதை எழுதியவர் நம்மவர்; ஊழியர்கள் வாயில் 'பொடி சார்'.

ஒவ்வொரு அச்சிலும் ஒரு நன்மை கூடும். முதலில் இதயம் மட்டும் இருந்தது. பிறகு கண், மூட்டு, ஞாபகசக்தி என்று வளர்ந்தது. ஞாபகசக்தியை ஒரே பக்கத்தில் இரண்டு முறை எழுதியிருந்தார்.

சமையல் குறிப்புகளுக்கு அவர் கண்டுபிடித்த வழி இன்னும் எளிது. கோகோ டப்பாவின் பின்பக்கத்தில் இருப்பதைப் படியெடுத்து, கோகோ என்று வரும் இடமெல்லாம் சோக்பெர்ரி என்று மாற்றிவிடுவார். இரண்டும் கருப்புதானே, போதாதா? ஒன்றையும் அடுப்பில் ஏற்றிப் பார்த்ததில்லை. பொட்டலம் போடும் அறைக்குள் காலெடுத்து வைத்ததும் இல்லை. வெள்ளைச் சட்டையில் பொடி பட்டுவிடுமாம்.

எண்ணூறு பேர் வேலை செய்யும் அலுவலகம் ஒன்றின் உணவகப் பொறுப்பாளர் அம்மாள், பொடியை ருசி பார்க்க வருவதாகச் சொன்னபோதுதான் சிக்கல் வந்தது.

"மாப்ள, இந்த ஆர்டர் வந்தாகணும்," என்றார் முதலாளி. "வரலேன்னா, திங்கட்கிழமையிலேருந்து நீ கிடங்குல மூட்டை எண்ணப் போ. உங்க அக்கா அழுதாலும் சரி."

"கவலைய விடுங்க மாமா. கேக் போட்டு அசத்திடறேன்."

அந்த நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்குத் தேநீர் அறையில் இருந்த சின்ன மின் அடுப்புப் பெட்டிக்குள் கேக் போனது. மாவு, சர்க்கரை, பால், பொடி. கோகோ டப்பா சொன்னபடி சமையல் சோடாவும். பத்தரைக்குப் பெட்டியைத் திறந்தார். கரு ஊதா நிறத்தில் உள்ளே போனது, பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டியின் பச்சையில் வெளியே வந்தது.

"இது... சத்து வெளிய வர்ற நிறம்," என்றார். அறையில் யாரும் இல்லை. தனக்குத்தானே பொய் சொல்லும் அளவுக்குத் தொழிலில் தேர்ந்திருந்தார்.

பொட்டலம் போடும் அறையில் வேலை செய்கிற, எல்லோரும் அக்கா என்று அழைக்கும் பெண் தேநீர் எடுக்க வந்தவர் எட்டிப் பார்த்தார். "சோடா போட்டீங்களா சார்?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் சாயங்காலம் மேசைய சோப்புத் தண்ணியில துடைக்கிறோமே, பொடி பட்ட இடமெல்லாம் நீலமும் பச்சையுமா ஆகும். சோடாவும் அப்படித்தான் பண்ணும். புளிப்பு சேர்த்தா செவக்கும். நீங்க அந்தப் பக்கம் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"இப்ப அதுவா முக்கியம்? அந்தம்மா பதினொரு மணிக்கு வந்துடுவாங்க. ஆர்டர் வரலேன்னா மாமா என்னைக் கிடங்குக்கு அனுப்பிடுவாருக்கா."

அதுவரை அவர் இந்தப் பெண்ணை "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டிருந்தார். உறவு முறைகள் ஆபத்துக் காலத்தில் இப்படித்தான் திடீரென்று முளைக்கும்.

அக்கா பெருமூச்சு விட்டார். தன் மதியச் சாப்பாட்டுப் பையிலிருந்து தயிர்ப் பாத்திரத்தை எடுத்தார். கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்து, கொஞ்சம் தேன் விட்டு, இரண்டு தேக்கரண்டி பொடி போட்டு அடித்துக் கலக்கினார். தயிர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளஞ்சிவப்பாகி, பிறகு நல்ல ஊதாவாக நின்றது. கேக்கைப் பொடி சார் தன் மேசை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினார்.

பதினொரு மணிக்கு வந்த பொறுப்பாளர் அம்மாள் ஒரு கரண்டி சாப்பிட்டார். இன்னொன்றும் சாப்பிட்டார். "துவர்ப்பே தெரியலையே. இதுல என்ன சத்து?"

பொடி சார் தொண்டையைச் செருமினார். "இதயம், கண், மூட்டு, ஞாபகசக்தி..."

"இதயத்துக்கு என்ன பண்ணும்?"

"நல்லது பண்ணும்."

"எப்படி?"

பொடி சார் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்ற அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நார்ச்சத்து இருக்கும்மா," என்றார் அக்கா. "இந்த நிறமும் சத்துதான்னு மூட்டையோட வர்ற பரிசோதனைச் சீட்டுல போட்டிருக்கு. ரொம்ப சூடு பண்ணினா குறையும், அதனால கஞ்சி, கூழ்னா இறக்கினப்புறம் கலக்கணும். நோயெல்லாம் தீருமான்னு கேக்காதீங்க. மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரைக் கேட்டுட்டுச் சாப்பிடட்டும்."

"நோய் தீராதுன்னு சொன்ன முதல் கடைக்காரங்க நீங்கதான்," என்று சிரித்த அந்த அம்மாள், அங்கேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். முதலாளி மைத்துனரின் முதுகில் தட்டினார். அக்கா மதியம் வெறும் சோறு சாப்பிட்டார்.

அடுத்த அச்சில் தயிர்க் கலவைதான் முதல் குறிப்பு. அதன் கீழே 'செய்முறை உருவாக்கம்: முதுநிலை ஊட்டச்சத்து ஆலோசகர்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. கிடங்குக்கு அவர் போகவில்லை.

அந்தச் செய்முறையில் பொடி சாருக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது: அன்று காலை, அக்கா தயிரைக் கலக்கியபோது, கிண்ணம் நகராமல் பிடித்துக்கொண்டது அவர்தான்.