தீன் மூர்த்தி, ஹைஃபா, என் மைத்துனன்

போன வருடம் ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை வங்கிக்கு விடுப்புப் போட்டேன். வழக்கமாக இந்த வலைப்பூவில் தில்லியை ஒரு நாளில் சுற்றிப் பார்க்கிறவர்களுக்காகத்தான் எழுதுவேன். அன்று நான் கிளம்பியது ஊர் பார்க்க அல்ல. என் மனைவியின் தம்பி இசக்கிமுத்துவின் மனதை மாற்றுவதற்காக.

இசக்கிக்கு முப்பத்து நான்கு வயது. தென்காசிப் பக்கம் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிற வேலை. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். அங்கே வேலை ஓய்ந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. இஸ்ரேலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தேர்வில் கம்பி கட்டிக் காட்டித் தேறி, விமானம் ஏறுவதற்காக ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். மறுநாள் மாலை விமானம். இஸ்ரேலில் குண்டு விழுவதை நாங்கள் தினமும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் சொல்லி அழுதாச்சு. நீங்க வெளிய கூட்டிட்டுப் போயி நிதானமா பேசுங்க. நீங்க சொன்னா கேப்பான்" என்றாள் என் மனைவி.

எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அவனை எங்கே கூட்டிப்போவது என்றும் யோசித்து வைத்திருந்தேன். அவன் போகவிருக்கும் நாடு உருவான கதையின் ஒரு துண்டு தில்லியில் கிடக்கிறது. அதைக் காட்டினால் யோசிப்பான் என்று நினைத்தேன்.

காலை பத்து மணிக்கு ஜனக்புரி மேற்கு நிலையத்தில் மெட்ரோ ஏறினோம். ராஜீவ் சவுக்கில் மாறி லோக் கல்யாண் மார்க்கில் இறங்க வேண்டும். முக்கால் மணி நேரம் ஆகும், இப்போது கட்டணம் 43 ரூபாய். அங்கிருந்து தீன் மூர்த்தி ஒன்றரை கிலோமீட்டர். நடக்கலாம். அன்று பனிமூட்டம் விலகாமல் எதிரே வரும் பேருந்தின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. என் குல்லாவைக் கழற்றி அவன் தலையில் மாட்டிவிட்டேன்.

தீன் மூர்த்தி என்பது சாலைகள் கூடும் ரவுண்டானா. நடுவில் வெள்ளைத் தூண், அதைச் சுற்றி ஈட்டி பிடித்த மூன்று வெண்கலச் சிப்பாய்கள். மைசூர், ஜோத்பூர், ஹைதராபாத் சமஸ்தானங்களின் குதிரைப்படைகளுக்கு ஒவ்வொருவர். முதல் உலகப்போரில் ஆங்கிலேயருக்காகப் பாலஸ்தீனம் வரை போனவர்கள். 1918 செப்டம்பரில் ஹைஃபா நகரைத் துருக்கியரிடமிருந்து பிடித்ததில் மைசூர், ஜோத்பூர் வீரர்களுக்குப் பெரிய பங்கு. சில ஆண்டுகளுக்கு முன்பு ரவுண்டானாவின் பெயரிலேயே ஹைஃபாவைச் சேர்த்துவிட்டார்கள்.

"ஹைஃபாவா? எனக்கும் அங்கனதான் வேலை. அதுக்குத் தெக்க, கடற்கரை ஓரம்" என்றான் இசக்கி. முகத்தில் ஒரு சந்தோஷம். 

எதிர் நடைபாதையில் நின்றபடியே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தப் போரில் ஜெயிப்பதற்காக பிரிட்டன் ஒரே நிலத்தை வைத்து மூன்று பேரிடம் பேசியது. துருக்கியரை எதிர்த்து எழுந்தால் சுதந்திரம் தருகிறோம் என்று அரேபியரிடம் சொன்னது. பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று பிரான்ஸிடம் ரகசியமாகப் பேசி முடித்தது. 1917 நவம்பரில், அங்கே யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய ஆதரவு தருவதாக எழுதிக் கொடுத்தது. அன்றைக்கு அந்த மண்ணில் வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையினர் அரேபியர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. போர் முடிந்தபின் சுமார் முப்பது வருடம் பிரிட்டனே அதை ஆண்டது.

இசக்கி சிலைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நம்மாளுவ குதிரையில போயி புடிச்சுக் குடுத்துட்டு வந்தாவளாக்கும்?"

"கொஞ்சப் பேர் வரவே இல்ல. அதுக்குத்தான் இந்தச் சிலை."

"ஏன் போனாவ?"

"ராஜா அனுப்பினார். சம்பளம் வேற."

 இதுதான் சமயம் என்று நினைத்து, மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"மாப்ளே, நீ செய்யப்போற வேலைய இதுக்கு முன்னாடி யார் செஞ்சாங்க தெரியுமா? பாலஸ்தீனக்காரங்க. 2023ல சண்டை வந்ததும் அவங்கள உள்ள விடாம நிறுத்திட்டாங்க. அந்த இடத்துக்குத்தான் உன்னக் கூப்பிடறாங்க."

"தெரியும் அத்தான். தேர்வுக்கு வந்த எல்லாத்துக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா போற?"

"நான் போகலைன்னா அடுத்தவன் போவான். எனக்குப் பின்னாடி அவ்ளோ பெரிய வரிசை நின்னுச்சு."

 காவலர் ஒருவர் வந்து இங்கே நிற்காதீர்கள் என்று கையைக் காட்டினார்.

இந்தியா கேட் நாலரை கிலோமீட்டர். ஆட்டோ நூறு ரூபாய் கேட்டது, பேரம் பேசவில்லை. நாங்கள் தமிழில் வாதாடிக்கொண்டே வந்ததில் 'இஸ்ரேல்' என்ற சொல் மட்டும் ஓட்டுநர் காதில் விழுந்திருக்கிறது. பீகார்க்காரர், கண்ணாடியில் பார்த்து ஹிந்தியில் கேட்டார்.

"இந்தத் தம்பி போறாரா? என் அண்ணன் மகனும் தேர்வுக்குப் போனான். எடுக்கல. ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்தான். உங்க ஆளுக்கு நல்ல கிஸ்மத் சார்."

இசக்கிக்கு ஹிந்தி அவ்வளவு வராது. கிஸ்மத் என்றால் அதிர்ஷ்டம் என்பது மட்டும் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தான். இறங்கும்போது ஓட்டுநர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இந்தியா கேட்டின் உச்சியில் முதல் உலகப்போருக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் எந்தெந்த நாட்டில் செத்தார்கள் என்று செதுக்கியிருக்கிறது. பிரான்ஸ் இருக்கிறது, மெசபடோமியா இருக்கிறது, கிழக்கு ஆப்பிரிக்கா இருக்கிறது. பாலஸ்தீனம் இல்லை. 'அண்மைக் கிழக்கிலும் தூரக் கிழக்கிலும் பிற இடங்களில்' என்று முடித்துவிட்டார்கள். இசக்கி அண்ணாந்து பார்த்து செல்ஃபி எடுத்தான். பிள்ளைகளுக்கு அனுப்பினான். பெரியவள் உடனே ஒரு இதயப் படம் அனுப்பினாள். அதை என்னிடம் காட்டினான். 

அங்கிருந்து ஹுமாயூன் சாலைக்கு இரண்டு கிலோமீட்டர். அங்கே யூதர்களின் சிறிய தொழுகைக்கூடம் ஒன்று, பக்கத்தில் கல்லறைத் தோட்டம். முன்பே அனுமதி கேட்டிருந்தேன். நாங்கள் போனபோது எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் தன் தாயின் கல்லறையில் விழுந்திருந்த இலைகளைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவரும் யூதர்; பூர்வீகம் கொங்கணக் கடற்கரை, பிறந்தது தில்லி, வாழ்ந்ததெல்லாம் சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இசக்கி எங்கே போகிறான் என்று சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது.

"என் தம்பியும் போனான். அறுபதுகளில். ரெண்டு வருஷத்தில் திரும்புறேன்னு சொன்னான். அங்கேயே செத்துப்போனான். அவன் பேரனுக்குப் பத்தொன்பது வயசு. இப்போ ராணுவத்தில் இருக்கான். போன் அடிச்சாலே எனக்குப் பயம்."

ஹிந்தியில் சொன்னதை நான் தமிழில் இசக்கிக்குச் சொன்னேன். "இங்கன நிம்மதியா இருந்துட்டு எதுக்கு அங்க போனாவன்னு கேளுங்க அத்தான்" என்றான்.

கேட்டேன். அவர் எங்களைப் பின்பக்கம் ஒரு பழைய கல்லுக்குக் கூட்டிப்போனார். ஐரோப்பாவிலிருந்து இரண்டாம் உலகப்போரின்போது தப்பி வந்தவருடையதாம். பெற்றோர், மனைவி, குழந்தை எல்லோரும் அங்கேயே கொல்லப்பட்டார்கள்.

"நாங்கள் இந்தியாவில் யாருக்கும் பயந்ததில்லை. ஆனால் ஐரோப்பாவில் யூதர்களில் அறுபது லட்சம் பேரைக் கொன்றார்கள். தப்பி ஓடினவங்களுக்கு எத்தனை நாடு கதவைத் திறந்தது? அதுக்குப் பிறகு எங்களுக்குன்னு ஒரு இடம் வேணும்னு தோணாதா? என் தம்பிக்குத் தோணுச்சு."

முதல் போரில் எழுதிக் கொடுத்த வாக்கு, இரண்டாம் போரின் பிணக்குவியலுக்குப் பிறகு நாடாகிவிட்டது. 1947இல் ஐக்கிய நாடுகள் சபை நிலத்தைப் பிரிக்கச் சொன்னது. 1948 மே மாதம் இஸ்ரேல் பிறந்தது. அதையொட்டி மூண்ட சண்டையில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

"அந்த இடத்தில் முன்பே ஆட்கள் இருந்தார்களே அம்மா?"

"இருந்தாங்க" என்றார். கல்லின் மேல் விழுந்திருந்த ஒரு இலையை எடுத்துப் போட்டுவிட்டு, "இருந்தாங்க மகனே" என்று மறுபடி சொன்னார். பிறகு இசக்கியின் கன்னத்தைத் தொட்டு, "ஜல்தி திரும்பி வந்துடு" என்றார்.

கான் மார்க்கெட் நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தோம். வழியில் இசக்கி சொன்னான். "நீங்க எதுக்குக் கூட்டிட்டு வந்தியன்னு காலையிலேயே தெரியும் அத்தான். நீங்க சொன்னது எல்லாம் சரிதான். ஆனா எனக்கு இங்க என்ன வேலை இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே."

மறுநாள் அவன் போய்விட்டான்.

முதல் சில மாதங்கள் சைரன் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினான். பதுங்கும் அறைக்கு ஓடுவது பழகிவிட்டது என்றான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அவனுக்கு விடுமுறை நாள், என்னை மட்டும் தனியாக அழைத்தான். அஸ்திவாரத்துக்குத் தோண்டியபோது மண்ணுக்கடியில் ஒரு வீட்டின் தரை வந்ததாம். பூப்போட்ட சிவப்புக் கற்கள். ஓரத்தில் அடுப்பு இருந்த கரி. கூட வேலை பார்க்கும், இஸ்ரேல் குடியுரிமை உள்ள ஒரு அரேபியப் பெரியவர் அதைப் பார்த்ததும் குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாராம். இங்கே 1948 வரை ஒரு கிராமம் இருந்தது, என் அம்மா பிறந்த ஊர் என்றாராம்.

"நீ என்னடா செஞ்ச?" என்றேன்.

"என்னத்தச் செய்ய அத்தான்? மெஷின் வந்து உடைச்சு அள்ளிட்டு. மத்தியானம் அந்தக் குழியில இறங்கி நான் கம்பி கட்டினேன். அந்தப் பெரியவரும்தான் கம்பி எடுத்துக் குடுத்தாரு." போனை வைக்கும் முன் சொன்னான். "அக்காட்ட சொல்லிராதிய."

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பனிக்காலத்தில் பதினோரு மணிக்கு முன்னால் போனால் எதுவும் தெரியாது. தீன் மூர்த்தியில் வண்டி நிறுத்த இடமில்லை, நடந்தே போங்கள். இந்தியா கேட் எழுத்துகளைக் கீழிருந்து படிப்பது கஷ்டம், கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். தொழுகைக்கூடத்துக்கு முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், தலையை மூட ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்களுக்கும் சாப்பாடு உட்பட ஐந்து மணி நேரம் போதும். யாருடைய மனதையாவது மாற்றலாம் என்று நினைத்துக் கூட்டிப்போகாதீர்கள். அந்தக் கற்களுக்கு அவ்வளவு சக்தி கிடையாது, நம் பேச்சுக்கும் கிடையாது.

போன மாதம் இசக்கியின் ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டான். அவனைத் தடுக்கச் சொல்லி இந்த முறை வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை.