மவுஸ் சின்னக்கானலில், நான் பெருமாட்டியில்

என் மவுஸ் சின்னக்கானலில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே நானும் சின்னக்கானலில்தான் இருக்கிறேன் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒரு மாதம் வேலை பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் ஆகும்.

ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆபீஸ் மலைமேல் சின்னக்கானலில். நான் கீழே பெருமாட்டியில், தென்னைகளுக்கு நடுவில். வீட்டில் இருந்தபடியே அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை பார்க்க ஒரு மாதத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார் கொச்சி மேனேஜர்.

"சரியா ஓடினா அங்கேயே இருந்துக்கோ. இல்லேன்னா குடும்பத்தோட கொச்சிக்கு வந்துடணும், கேட்டோ?"

என் மனைவி சரசுவுக்கு இங்கே அங்கன்வாடியில் வேலை. கொச்சி என்ற பேச்சை எடுத்தாலே அன்றைய குழம்பில் உப்பு கூடிவிடும்.

மாதத்தின் கடைசி நாள். மேனேஜர் நாலு மணிக்குத் தானே சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். வெளியாட்கள் யாரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய முடியாதபடி ஃபயர்வாலில் அடைக்க வேண்டும். ஃபயர்வால் என்பது ஆபீஸ் இணையத்துக்குக் காவல் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. அதன் செட்டிங்கை ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே திறந்து, 'வெளியிலிருந்து வருவதைத் தடு' என்று போட்டு, அப்ளை அழுத்தினேன்.

திரை அப்படியே நின்றது. உள்ளே இருந்த ஒரே வெளியாள் நான்தான்.

கீபோர்டில் இருந்த எல்லாவற்றையும் தட்டினேன். ஆபீஸ் போனுக்கு அடித்தேன். செத்துக் கிடந்தது. 'ஐயையோ, போனையும் நானே அடைத்துவிட்டேன்!' ஆபீஸ் கிளார்க் மேரி புஷ்பத்தின் மொபைலுக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம். சின்னக்கானலையே உலகத்திலிருந்து துண்டித்துவிட்டதாக முடிவு செய்து, ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன்.

"ஏனுங்க, இந்த வேக்காட்டுல குல்லாயா? ஆரு ஊட்டுல திருடப் போறீங்க?" என்றாள் சரசு.

"சின்னக்கானலுக்குப் போறேன் சரசு. நாலு மணிக்குள்ள பொட்டியச் சரி பண்ணோணும்."

"நாலு மணிக்கு நீங்க உடுமலையத் தாண்டியிருந்தாலே அதிசயமுங்க."

கணக்கு சரிதான். ஆனாலும் கிளம்பினேன். பயந்தவனுக்கு உட்கார்ந்திருப்பதைவிட ஓட்டுவது சுகம். மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் வியர்த்து நின்றபோது மொபைல் அடித்தது. புஷ்பம்.

"அண்ணாச்சி, எத்தன தடவ அடிச்சிருக்கீக! இங்க என்னா இடிங்கிறீக! எல்லா ஒயரையும் புடுங்கிப் போட்டுட்டு மூலையில உக்காந்திருந்தோம். டவரும் போச்சு. இப்பந்தான் எல்லாத்தையும் மாட்டுனேன்."

"அம்மிணி, அந்தப் பொட்டியையுமா புடுங்குனீங்க?"

"பின்ன? அது மட்டும் உங்க மச்சானா, விட்டு வைக்க?"

குல்லாயைக் கழற்றாமலே வீட்டுக்குத் திரும்பினேன். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கனெக்ட் அழுத்தினேன். சின்னக்கானல் திறந்தது. இந்த முறை எங்கள் வீட்டு ஐ.பி. முகவரியை அனுமதிப் பட்டியலில் முதலில் சேர்த்துவிட்டுத்தான் மற்றவர்களை அடைத்தேன். இளையவர்களே, இந்த வேலையில் நான் கற்ற பாடம் அந்த வரிசை ஒன்றுதான்.

நாலு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். "மத்தியானம் ஒரு டிஸ்கனெக்ட் காட்டுதே, என்னாச்சு?"

"நானே என்னை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திக்கிட்டேனுங்க சார்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அப்போ அடைப்பு நல்லாத்தான் வேலை செய்யுது. நீ அங்கேயே இருந்துக்கோ."

அன்றைக்குக் குழம்பில் உப்பு அளவாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். நான் அப்ளை அழுத்தினேன், பதற்றத்தில் சேவ் அழுத்தவில்லை. சேவ் செய்யாததை அந்தப் பெட்டி நினைவில் வைத்துக்கொள்ளாது. புஷ்பம் இடிக்குப் பயந்து ஒயரைப் பிடுங்கினார். திரும்ப மாட்டியபோது அது பழைய செட்டிங்கோடு எழுந்தது.