சுகுணா சிஸ்டரும் இரண்டாவது டெஸ்டும்

சுகுணா சிஸ்டர் போய்விட்டார். இன்று காலை, புத்தூரில், அண்ணன் வீட்டில். மாரடைப்பு.

இது நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். போன மாங்காய் சீசனில் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்... "சிஸ்டர், நேரத்துக்குத் துன்னாம இப்படி ஓடிக்கினே இருந்தா உங்க ஹார்ட்டு தாங்காது."

"முதல்ல உங்க வேன் இன்ஜினைப் பாருங்கண்ணா, அது எனக்கு முன்னாடி போயிடும்" என்று சிரித்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சித்தூர் பக்கம் மாம்பழ ஜூஸ் பேக்டரிக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன் என்னுடையது. ஜில்லாவிலேயே என்னை மாதிரி டிரைவர் கிடையாது, அது வேறு விஷயம். என் மனைவி வள்ளியும் அங்கேதான் பழம் பிரிக்கிறாள்.

சிஸ்டர் அரசாங்க நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் டெஸ்டுக்கு பேக்டரிக்கே வந்து சாம்பிள் எடுத்தார்.

ரிசல்ட் போனில் வந்தது. வள்ளிக்கும் இன்னும் சில பெண்களுக்கும் "பாசிட்டிவ்".

அவ்வளவுதான்... கொரோனா திரும்பி வந்துவிட்டது என்று தெருவே கதவைச் சாத்தியது. என் அம்மா வள்ளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு ராணி, அவளும் பேக்டரியில் சாம்பிள் கொடுத்தவள்தான், மாஸ்க் மாட்டிக்கொண்டு தள்ளி நின்று, "இன்னா வள்ளி, சாம்பார் வாசனை தெரியுதா?" என்று கேட்டாள். மறுநாள் அவள் போனுக்கும் அதே "பாசிட்டிவ்" வந்தது. மாஸ்கைக் கழற்றவே இல்லை, பாவம்.

சிஸ்டர் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார். "இது அந்த வைரஸ் இல்லம்மா. இது வேற. மூக்கு வழியா வராது."

"பின்ன எது வழியா வருது?" என்று என் அம்மா கேட்டார்.

சிஸ்டர் மெதுவாகச் சொன்னார். புருஷன் பெண்டாட்டிக்குள் வருவது. வள்ளி என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"யாருகிட்டருந்து, எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வருஷக்கணக்கா சும்மா உக்காந்துக்கினு இருக்கும். முக்கால்வாசிப் பேருக்குத் தானாவே போயிடும். சண்டை போடாதீங்க" என்றார் சிஸ்டர். என் குடும்பம் அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையில் பிழைத்தது.

பாசிட்டிவ் என்றால் வைரஸ் இருக்கிறது என்றுதான் அர்த்தம், கேன்சர் என்று இல்லை. யாருக்கு அது வேலையை ஆரம்பித்திருக்கிறது என்று பார்க்க இரண்டாவது டெஸ்ட், திருப்பதியில். பயோமார்க்கர் என்று பெயர். போர்டில் எழுதும் மார்க்கர் என்று சிலர் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை.

செல்லை எடுத்து இரண்டு சாயம் ஏற்றுவார்கள். ஒரே செல்லில் இரண்டு நிறமும் தெரிந்தால் டாக்டர் கருவி வைத்து நேரில் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் வீட்டுக்குப் போய்விட்டு ஒரு வருஷம் கழித்து மறுபடி வரலாம். நான் இதை விளக்குவதைக் கேட்டு அங்கிருந்த டாக்டரம்மாவே, "மீரு ஏ காலேஜ்?" என்று, நான் எந்தக் காலேஜில் படித்தேன் என்று, தெலுங்கில் கேட்டார். எட்டாவது என்று நான் சொல்லவில்லை.

ஆனால் திருப்பதிக்குப் போன அன்று காலை வேன் கிளம்புவதே பெரிய பாடாகிவிட்டது. பெண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள், ஒருத்தியும் ஏறவில்லை.

"இதுக்குன்னு வேன் ஏறிப் போனா ஊரு இன்னா பேசும்? நான் வர்ல" என்றாள் வள்ளி. கதவைப் பிடித்த கையை எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் சிஸ்டர் சொன்னார், "எனக்கும் பாசிட்டிவ் வந்துச்சும்மா. ரெண்டாவது டெஸ்ட்டு பண்ணாங்க, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

ராணி முதலில் ஏறினாள். "நர்ஸுக்கே வருதுன்னா நமக்கு வந்தா இன்னாடி, ஏறு!" வள்ளி கடைசியாக ஏறினாள்.

மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. வள்ளிக்கு இரண்டு நிறமும் தெரிந்தது... டாக்டர் கருவி வைத்துப் பார்த்தார், கேன்சர் ஆவதற்கு முன் கட்டம். சின்ன சிகிச்சைதான், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்றைக்கு என்னைத் திட்டும் அளவுக்கு நன்றாக இருக்கிறாள்.

இன்று புத்தூரில் சாவு வீட்டில் ராணி அழுதுகொண்டே சொன்னாள், "ரெண்டாவது டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னாங்களே... பாரு, அதே வைரஸ் சிஸ்டரைக் கொண்டுபோயிடுச்சு. நான் இனிமே அந்த டெஸ்ட்டுக்குப் போவ மாட்டேன்." பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒரு வருஷம் முடிந்து அவர்கள் எல்லோரும் திரும்பப் போக வேண்டிய மாசம் இது.

அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ராணி, படி. எல்லோருக்கும் படித்துக் காட்டு.

சிஸ்டருக்கு வந்தது மாரடைப்பு. அந்த வைரஸ் அவருக்கு வந்ததே இல்லை. "எனக்கும் வந்துச்சு" என்று அவர் வாயால் சொல்லவும் இல்லை. மேலே நான் அப்படி எழுதியது பொய். நீங்கள் ஏறாமல் நின்றபோது, "சிஸ்டருக்கே வந்துச்சு, ரெண்டாவது டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல" என்று டிரைவர் சீட்டிலிருந்து கத்தியது நான்.

கல்யாணம் ஆகாத மனுஷி. ஊர் என்னவெல்லாம் பேசும் என்று தெரிந்தவர். என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வள்ளி ஒரு கால் எடுத்து வைத்திருந்தாள். "ஏறுங்கம்மா, நேரமாவுது" என்று மட்டும் சொன்னார்.

போய் வாங்க சிஸ்டர்...