மடி கனத்த பாட்டு

சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டு ஹோலில் கதிரை காணாது, பாதிப் பிள்ளைகள் நிலத்தில்தான் இருப்பார்கள். என் மகள் திருகோணமலைப் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறாள். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சைக்கிள்கள் மதிலோரம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். நான் குசினிக்குள் நின்று தேத்தண்ணி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும்தான். இதைக்கூட எழுத்துக் கூட்டி, ஆறுதலாகத்தான் எழுதுகிறேன். ஆனால் நிலாவெளியிலிருந்து மீன்கடகம் சுமந்து விற்று, ஒருவரிடமும் கை நீட்டாமல் அவளைப் படிப்பித்தேன். அவள் படிப்பிக்கும்போது எனக்குக் கழுத்து நிமிரும். மறைக்க ஒன்றுமில்லை.

அவள் பாட்டுப் படிப்பிக்கிற விதம் தனி. சினிமாப் பாட்டென்றாலும் பழைய செய்யுளென்றாலும் முதலில் ஒரே கேள்விகளைத்தான் கேட்பாள். ஆர் பாடுகிறது, ஆருக்குப் பாடுகிறது, எதைச் சொல்லாமல் விட்டது. பிள்ளைகள் என்ன சொன்னாலும் பாட்டுக்குள்ளிருந்து ஆதாரம் காட்டச் சொல்லுவாள். காட்டாவிட்டால் அது வெறும் கதை என்று தள்ளிவிடுவாள்.

அன்றைக்கு அவள் எடுத்தது ஒரு அம்பாப் பாட்டு. கரைவலை இழுக்கிறவர்கள் கைக்கும் காலுக்கும் தாளமாகப் பாடுவது. நிலாவெளியில் ஒரு கிழவர் பாட, போனில் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். அதைத் தாளில் எழுதிப் பிள்ளைகளுக்கு வாசித்தாள்.

விடியமுன்னம் வந்த பெண்ணே ஏலேலோ
ஆரைத் தேடி வந்தாய் பெண்ணே ஏலேலோ
மடி கனக்குது மடி கனக்குது ஏலேலோ
ஆராலே மடி கனக்குது ஏலேலோ

கேத்திலில் தண்ணீர் கொதித்து மூடி தட்டிக்கொண்டு கிடந்தது. எனக்கு அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. அந்தப் பாட்டு என்னை வைத்துக் கட்டினது.

ஹோலில் பிள்ளைகள் பாட்டைப் பிரிக்கத் தொடங்கினார்கள். சாம்பல்தீவிலிருந்து வருகிற பெட்டை ஒருத்தி, தகப்பன் கடற்றொழில், மடி என்றால் வலையின் அடிப்பை, மீன் சேருகிற இடம் என்றாள். அதற்கு ஒருத்தன், வலைக்கு மட்டும்தானோ மடி இருக்குது என்று கேட்டான். சிரிப்பு அடங்க வெகுநேரம் எடுத்தது. என் மகளும் சிரித்தாள். ஒரு சொல்லில் இரண்டு பொருள் வைத்திருக்கிறார்கள், சிலேடை என்று விளங்கப்படுத்தினாள். காதலனைத் தேடி இருட்டில் வந்தவளைப் பகிடி பண்ணுகிற பாட்டு என்று பிள்ளைகள் எழுதினார்கள். தமிழ்த்தின விழாவில் இதை மேடையேற்றலாம் என்றும், ஒரு பெட்டையை இடுப்பை அசைத்து நடக்கவிட்டுப் பெடியன்களை வலை இழுக்கவிடலாம் என்றும் என் மகளே சொன்னாள்.

விழாவுக்கு நிலாவெளிச் சனமும் வரும். அந்தப் பாட்டு ஆருடையது என்று தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். என் பேர், என் மகளின் கையாலேயே, மைக்கில் போகப்போகிறது.

நடந்தது இதுதான். எனக்குக் கலியாணம் ஆகாத காலம். என்னைப் பெற்ற ஐயா கடலில் போய்த் திரும்பவில்லை. வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் இருந்தன. கரைவலை ஏறும்போது மடியிலிருந்து சிதறுகிற சூடை, நெத்தலி மீன்கள் மணலில் கிடக்கும். சின்னப் பிள்ளைகள் பொறுக்கலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் வயதுக்கு வந்த குமர்ப்பிள்ளை பொறுக்கினால் அது பிச்சை. நான் பிறகு மீன் விற்றேன், அது தொழில். பொறுக்குவது வேறு. அதனால் இருட்டோடு போய், பாவாடை முன்பக்கத்தை மடியாகக் கட்டி, அதற்குள் மீனைப் போட்டுக்கொண்டு விடியமுதல் திரும்பிவிடுவேன். பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர் ஒருநாள் என் மடியைக் கண்டுவிட்டார். அடுத்த இழுவைக்கே பாட்டு வந்தது. மீன் என்று அவர் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாரா, கெடுத்தாரா, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஊர் முழுக்க நான் ஆளைத் தேடிப் போனதாகக் கதைத்தது. நான் வாய் திறக்கவில்லை. மீன் பொறுக்கினவள் என்பதைவிட அது மேல் என்று நினைத்தேன். வலை இழுத்தவர்களில் ஒருவர், நான் அவரைப் பார்க்கத்தான் வந்தேன் என்று தானாகவே எடுத்துக்கொண்டார். அந்த மாதமே தாயைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தார். அவர்தான் என் மகளின் அப்பா. “உன்ரை அம்மா என்னைத் தேடிக் கரைக்கு வந்தவ” என்று சாகும்வரைக்கும் அவளுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பாட்டை மட்டும் அவர் வீட்டில் பாடியதில்லை, என் முகம் மாறும் என்று.

பிள்ளைகள் போனபிறகு மகளை இருத்தி, விழாவுக்கு அந்தப் பாட்டு வேண்டாம் என்றேன்.

“ஏன் அம்மா? பாட்டு ஊருக்குச் சொந்தம்.”

“நான் ஊருக்குச் சொந்தமில்லை.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், இருட்டு, மணல், மடியில் மீன். அந்தக் கிழவர் பாடினபோது தன்னைப் பார்த்து ஒருமாதிரிச் சிரித்ததாகவும், ஏனென்று இப்போதுதான் விளங்குவதாகவும் சொன்னாள். என் பசியை நினைத்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. கண் போன இடம் வேறு. சுவரில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பாவின் படம் இருக்கிறது.

“அப்ப அப்பாவைத் தேடி நீங்கள் வரேல்லை.”

“இல்லை.”

“அவருக்குச் சொன்னனீங்களோ?”

“அவர் கேக்கேல்லை.”

“கேட்டிருந்தா?”

அவர் அந்தக் கதையைச் சொல்லும்போது முகம் எப்படி விரியும் என்று அவளுக்கும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளிடம் அந்தப் பாட்டு மேடைக்கு வேண்டாம் என்றாள். நடிக்க இருந்த பெட்டைக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. காரணம் கேட்டாள். போன முறை மடி என்று சிரிப்புக் காட்டின பெடியன், “டீச்சர், ஆதாரம் காட்டுங்கோ” என்றான். பகிடிக்குத்தான் சொன்னான். மற்றவர்களும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. சரி, அடுத்த பாட்டு என்று மட்டும் சொன்னாள். நான் குசினியில் நின்றேன். என் பேர் தப்பியது. அதற்காக அவள் பிள்ளைகளுக்கு முன்னால் பதிலில்லாமல் நின்றாள்.

அன்று பின்னேரம் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“அப்பாவிலை உங்களுக்கு எப்ப விருப்பம் வந்தது? பொய் சொல்லாதேங்கோ.”

“யோசிக்கவேணும்” என்றேன். அது உண்மை. அவசரத்தில் ஒரு நாளைப் பிடித்துக் கொடுக்க எனக்கு ஏலாது. அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

யோசித்துவிட்டேன். அவள் பிறந்து ஒரு கிழமை நான் எழும்ப முடியாமல் கிடந்தேன். என் தாய்க்கும் காய்ச்சல். அவர் என் துணிகளை எல்லாம் வாளியில் அள்ளிக்கொண்டு பொதுக் கிணற்றுக்குப் போனார். அங்கே பெண்கள் நின்றார்கள். அவரோடு வலை இழுத்த ஆட்களும் நின்று நக்கல் அடித்தார்கள். அவர் எல்லாவற்றையும் தோய்த்து, பிழிந்து, அவர்கள் பார்க்கத்தக்கதாகவே வேலியில் காயப்போட்டுவிட்டு வந்தார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த நாள்தான். அதற்கு முதல் இல்லை.

இதை அவளிடம் சொல்லிவிடலாம். ஆனால் அவள் திரும்பக் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் வீடு நிறையப் பிள்ளைகள், மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்து வேலை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறாள், ஞாயிறு பூசைக்குப் போனால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறாள், தேவையான கதை மட்டும் கதைக்கிறாள். படத்துக்கு முன்னால் நின்றால் முன்னைவிடக் கூட நேரம் நிற்கிறாள்.

கேட்காமல் நான் ஒருவருக்கும் போய் ஒன்றும் சொன்னதில்லை. கேட்கட்டும் என்று இருக்கிறேன்.