டெல்ஃபினாவின் சந்தேகமும் ஒரு மன்னிப்பு மனுவும்

கணவன் பக்கத்தில் இல்லாவிட்டால் தன் வாழ்க்கை எப்படிக் குலைந்துபோகும் என்று டெல்ஃபினா ஒசெகேரா விவரமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதே வாரத்தில்தான் அவனுக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்ற முடிவுக்கும் வந்திருந்தாள்.

டெல்ஃபினா கலிஃபோர்னியாவில் மடேராவிலேயே பிறந்தவள். பெற்றோர் மெக்சிகோவின் மிச்சோவாகானிலிருந்து திராட்சை பறிக்க வந்தவர்கள். அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. எதையும் எளிதில் நம்ப மாட்டாள். நறுக்கி வைத்த பப்பாளியைக் கடையில் வாங்க மாட்டாள். முழுப் பழத்தை எடுத்து, காம்பை முகர்ந்து பார்த்து, கடைக்காரர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னதைக்கூட வீட்டுக்கு வந்து வேதாகமத்தில் சரிபார்த்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் கட்டிக்கொண்டது அதிகம் பேசாத ஃபிடென்சியோவை. மெக்சிகோவின் ஒஹாகா மலையில் மிஷ்டெக் ஜனங்களின் சின்ன ஊர் அவனுக்கு. குளிர்காலத்தில் திராட்சைக்கொடி வெட்டுவான், கோடையில் பழம் பறிப்பான். இளவயதில் எல்லை தாண்டி நடந்து வந்தவன், தங்க அனுமதிப் பேப்பர் கிடையாது. டெல்ஃபினா குடியுரிமை உள்ளவள் என்பதால் அவனுக்காக அவள் மனுப் போடலாம்.

மனு என்றால் ஒரே காகிதத்தோடு முடிவதில்லை. முதலில், இவன் என் கணவன்தான், பேப்பருக்காகக் கட்டிக்கொண்டவன் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அது முடிந்து, ஏற்கப்பட்டும் இருந்தது. அடுத்தது, இத்தனை வருடம் அனுமதி இல்லாமல் இங்கே இருந்ததைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு மனு. மடேரா ஆட்கள் அதை மன்னிப்பு என்றுதான் சொல்வார்கள். அது கையில் கிடைத்தபிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் ஹுவாரஸ் நகரத்து அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்குப் போய், நேர்காணலில் பதில் சொல்லி, விசாவோடு திரும்ப வேண்டும். பதில் பிசகினால் அந்தப் பக்கமே நின்றுவிட வேண்டியதுதான். அப்படி நின்றுபோனவர்களை மடேராவில் எல்லோருக்கும் தெரியும்.

ஃப்ரெஸ்னோவில் இருந்த வழக்கறிஞர் ப்ரைஸ் அம்மாள் பள்ளிக்கூடத்தில் படித்த ஸ்பானிஷ் பேசுவார். முதல் சந்திப்பிலேயே டெல்ஃபினா கண்ணாடி போட்டு மாட்டியிருந்த அவருடைய சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"அசல்தான்" என்றார் ப்ரைஸ்.

"அசல் மாதிரிதான் இருக்கு" என்றாள் டெல்ஃபினா.

பிறகு கேள்விகள் தொடங்கின.

"உங்க பொண்ணுக்கு இழுப்பு இருக்கறது வருத்தம்தான். ஆனா சட்டம் அவ கஷ்டத்தைப் பாக்காது. மனைவியான உங்க கஷ்டத்தைத்தான் பாக்கும். அவளுக்கு மூச்சு முட்டும்போது புருஷன் இல்லேன்னா நீங்க என்ன ஆவீங்க?"

"நான் என்ன ஆவேன்? தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன்."

"தனியாவா?"

"தனியாத்தான். இவரு அப்பவும் சாவியத் தேடிட்டிருப்பாரு."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. சமாளிச்சிடுவேன்னு எழுதினா, சரி, சமாளின்னு அனுப்பிடுவாங்க."

டெல்ஃபினாவுக்கு இது பிடிக்கவில்லை. அழத் தெரியாதவளை அழச் சொல்கிறார்கள். அதுவும் யாருக்காக?

ஃபிடென்சியோவிடம் ப்ரைஸ் கேட்டது வேறு.

"இந்த நாட்டுக்குள்ள எத்தனை தடவை வந்தீங்க?"

"ஒரு தடவை."

"நடுவுல ஊருக்குப் போகலையே?"

"இல்ல."

"நிச்சயமா?"

"ஒரு தடவைதாங்க."

வருடவாரியாக எங்கெங்கே குடியிருந்தான் என்று கேட்டார். மடேரா, மடேரா, மடேரா என்று சொல்லிக்கொண்டே வந்தவன் 2009 வந்ததும் தொண்டையைச் செருமினான். "வாஷிங்டன் மாநிலம். ஆப்பிள் பறிச்சேன்."

அது திருமணத்துக்கு முந்தைய காலம். ஆனாலும் இத்தனை வருடத்தில் ஆப்பிளைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசி டெல்ஃபினா கேட்டதில்லை. அடுத்த ஞாயிறு வாஷிங்டன் மாநிலத்தின் ஆப்பிள் ஊரான யாகிமாவிலிருந்து அவளுடைய சித்தப்பா மகன் வந்திருந்தான். முற்றத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது அவன் சாதாரணமாகக் கேட்டான், "நீங்க எந்தத் தோட்டத்துல மாமா? ஏணி மரமா, அலுமினியமா?" ஃபிடென்சியோ எழுந்து இறைச்சியைத் திருப்பப் போய்விட்டான். அந்த இறைச்சியை அதற்கு முன்பே திருப்பியாகிவிட்டது.

அதோடு தொலைபேசி வேறு. மாதக்கணக்காக யாரோ கூப்பிடுகிறார்கள். அவன் வாசலுக்குப் போய் மிஷ்டெக்கில் பேசுகிறான். டெல்ஃபினாவுக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. குரல் மட்டும் தெரியும்: முதலில் மரியாதை, பிறகு கெஞ்சல்.

"யாரு?"

"ஊர்லேர்ந்து."

"ஊர்ல யாரு?"

"ஊர்தான்."

சமையலறையில் கூட வேலை செய்யும் நெரெய்தா இதற்கெல்லாம் தீர்ப்பு வழங்குபவள். பீன்ஸ் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "ஆம்பள வாசலுக்குப் போய் போன் பேசினா அந்தப் பக்கம் கடன்காரன் இருக்கணும், இல்ல பொம்பள இருக்கணும். உன் ஆளுக்குக் கடன் இருக்கா?"

"இல்ல."

"அப்ப மிச்சம் என்னன்னு நீயே பாத்துக்க. ஒரு வருஷம் காணாமப் போயிருக்கான். ஒரு வருஷத்துல ஒரு புள்ளையே பெத்துக்கலாம்டி."

அன்று டெல்ஃபினா சோற்றில் உப்பு போட மறந்துவிட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்டுகொள்ளாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஃபிடென்சியோவைக் கேட்டுப் பயனில்லை. அவன் ஊர்க்காரரைத்தான் பிடிக்க வேண்டும். அதற்கு வழியை ப்ரைஸே காட்டினார்: கணவன் நல்லவன் என்று சொல்ல நாலு பேர் வேண்டுமாம். டெல்ஃபினா உடனே எர்மிலோவை நினைத்தாள். மகளுக்கு ஞானஸ்நானத் தகப்பனாக நின்றவர். அதனால் அவளுக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு அவள் கொமாத்ரே. மடேராவில் இருக்கும் ஃபிடென்சியோவின் ஊர்க்காரர் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். எழுதித் தரச் சொன்னால் மாட்டேன் என்பார். பேசச் சொன்னால் நிறுத்த மாட்டார். வீட்டில் வைத்துக் கேட்டால் சிரித்து மழுப்புவார். வழக்கறிஞர் மேசை முன்னால் உட்காரவைத்துக் கேட்டால் எங்கே போவார்? ஃபிடென்சியோவிடம் சொல்லாமல் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஃப்ரெஸ்னோவுக்குப் போனாள்.

எர்மிலோ தேய்த்த சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக வந்திருந்தார். வழக்கறிஞருக்கென்று ஒரு பை இனிப்பு ரொட்டி. உட்கார்ந்ததும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஃபிடென்சியோ குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், திருவிழாவுக்கு நாற்காலி தூக்க முதல் ஆளாக வருவான் என்று அடுக்கினார். ப்ரைஸ் குறித்துக்கொண்டே வந்தார்.

டெல்ஃபினா அவர் கண்ணையே பார்த்தபடி கேட்டாள். "2009ல அவரு எங்க இருந்தாரு கொம்பாத்ரே? வாஷிங்டன்லயா?"

"வாஷிங்டனா?" எர்மிலோ வாய்விட்டுச் சிரித்தார். "எந்தக் கழுதை சொன்னது? அதையில்ல நான் முதல்ல சொல்லியிருக்கணும்! எழுதிக்கோங்கம்மா. எங்க ஊர்ல முறை வந்தா பொறுப்பு எடுத்தே ஆகணும், ஊர் கூப்பிட்டுச்சு. இங்க நல்ல வேலை, புதுசா ஒரு வண்டி, எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டுப் போனான் பையன். ஒரு வருஷம் ஊர்க்காவல். சம்பளம் கிடையாது. ராவும் பகலும் கையில கம்பு. என் கூடப்பொறந்த தம்பி, குடிச்சிட்டுக் கோயில் வாசல்ல விழுந்தான். என் தம்பின்னுகூடப் பாக்காமத் தூக்கிட்டுப் போய் அடைச்சான்! எத்தனை பேரு இங்கேர்ந்து சாக்கு சொல்லித் தப்பிச்சானுங்க. இவன் போனான். இதைவிட நல்லவன்னு காட்ட என்ன வேணும்?"

டெல்ஃபினாவும் சிரித்துவிட்டாள். பெண் இல்லை. பிள்ளை இல்லை. கையில் கம்போடு குடிகாரனைத் தூக்கிக்கொண்டு போகும் ஃபிடென்சியோ மட்டும்தான். மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது.

ப்ரைஸ் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்திருந்தார்.

"அப்புறம் எப்படித் திரும்பி வந்தார்?"

"எல்லாரும் வர்ற மாதிரிதான். சொனோரா பாலைவனம் வழியா நடந்து." எர்மிலோ அதையும் பெருமையாகவே சொன்னார்.

அவரை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு ப்ரைஸ் கதவைச் சாத்தினார். 

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா இவரைக் கூட்டிட்டு வந்திருப்பேனா?"

"அதான் எனக்கும் புரியல."

ப்ரைஸ் விளக்கினார். ஒரே ஒரு தடவை வந்து தங்கியவனுக்குத்தான் இந்த மன்னிப்பு. வருடக்கணக்கில் பேப்பர் இல்லாமல் இருந்து, வெளியே போய், மறுபடி திருட்டுத்தனமாக உள்ளே வந்தவனுக்கு இது கிடையாது. அவன் நாட்டை விட்டு வெளியேறிப் பத்து வருடம் வெளியிலேயே இருந்தபிறகுதான் கேட்கவே முடியும். இங்கே மன்னிப்பு வாங்கிவிட்டுப் போனாலும், ஹுவாரஸில் இந்த விஷயம் வெளிவந்த நிமிடமே அது செல்லாது.

"அங்க போய் ஒரு தடவைன்னே சொன்னா?"

"பொய்னு தெரிஞ்சா அதுக்குத் தனியா இன்னொரு தடை. அவங்களும் ஊர்க்காரங்களைப் பத்திக் கேப்பாங்க. உங்க கொம்பாத்ரே மாதிரி பெருமையாப் பேசறவங்க எத்தனை பேரு இருக்காங்க?"

"ஊர் பூரா."

"பாருங்க."

"நீங்க இதைக் கேக்காத மாதிரி இருந்துட்டா?"

"கேட்டுட்டேனேம்மா."

வெளியே எர்மிலோ தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "நல்லாச் சொன்னேனா கொமாத்ரே?"

"நல்லாவே சொன்னீங்க" என்றாள் டெல்ஃபினா.

ஃபிடென்சியோ வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவன் ஒரு கால் பூட்ஸோடு அப்படியே இருந்தான்.

"எனக்குத் தெரியாம அவரைக் கூட்டிட்டுப் போனியா?"

"பொம்பளைன்னு நினைச்சேன்."

"பொம்பளையா இருந்திருந்தா மன்னிப்பு கிடைச்சிருக்கும்."

"சர்க்கார்கிட்ட. என்கிட்ட இல்ல." அவள் குரல் இறங்கவில்லை. "அந்தம்மா அத்தனை தடவை கேட்டாங்களே, ஏன் சொல்லல?"

"எத்தனை தடவை வந்தேன்னு கேட்டாங்க. பொழைக்க வந்தது ஒரு தடவைதான். ஊர் கூப்பிட்டா போறது ஒரு பயணமா? போகலேன்னா ஊர்ப் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துருவாங்க. அம்மாவுக்கு ஊர்த் தண்ணி விட மாட்டாங்க."

"அப்புறம் ஆப்பிளுன்னு ஏன் சொன்ன?"

அதை விட்டுவிட்டு அவன் மிச்சத்தைச் சொன்னான். வாசலில் நின்று பேசியது ஊராட்சி ஆட்களோடு. மறுபடி கூப்பிடுகிறார்கள், இந்த முறை பெரிய பொறுப்பு. பேப்பர் வந்துவிடும், வந்ததும் வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

டெல்ஃபினாவுக்கு இப்போது வேறொன்று உறைத்தது.

"அப்ப இந்தப் பேப்பர் என் கூட இருக்கறதுக்கு இல்ல. ஊருக்குப் போறதுக்கு."

"ரெண்டுக்கும்."

"எது முதல்ல?"

அவன் இன்னொரு பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான்.

மறுநாள் அவளே ப்ரைஸைக் கூப்பிட்டு, மன்னிப்பு மனுவை அனுப்ப வேண்டாம், ஹுவாரஸுக்குத் தேதியும் கேட்க வேண்டாம் என்றாள். அது சரியான முடிவு என்றார் ப்ரைஸ். அப்படி அவர் சொன்னதாலேயே அவளுக்கு அன்று முழுக்க அதில் ஒரு சந்தேகம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எர்மிலோ ஒரு பானை நிறைய தமாலேயோடு வந்தார். சோளமாவுப் பொட்டலங்கள் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தன. உட்காரும் முன்பே கேட்டார். "ஹுவாரஸ் எப்போ?"

"போகலை கொம்பாத்ரே" என்றாள் டெல்ஃபினா. "சட்டம் இடம் குடுக்கலையாம்."

"என் சாட்சி போதலையா? நான் வேணும்னா இன்னொரு தடவை வந்து, அந்தத் தம்பி கதையை முழுசா..."

"வேணாம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

எர்மிலோ இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த வக்கீலம்மா மேல எனக்கு அப்பவே ஒரு இது. ரொட்டிய வாங்கிக்கிட்டு முகமே மாறிப்போச்சு. சரி, அதை விடு. ஊர்ல என்ன சொல்றது? பேப்பர் இல்லாமத்தான போன தடவையும் போன. போய்ட்டுத் திரும்பி வரலையா நீ?"

ஃபிடென்சியோ பொட்டலத்தின் சோளத்தோகையை மெதுவாகப் பிரித்தான். "போன தடவை மாட்டிக்கிட்டிருந்தாலும் இங்க யாரும் எனக்காகக் காத்திருக்கல. வரலேன்னு சொல்லிடுங்க கொம்பாத்ரே. பேரை எடுத்தா எடுக்கட்டும். அம்மாவை மலை இறக்கத்துல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன். அங்க கிணறு இருக்கு."

அம்மாவைப் போகச் சொன்னது டெல்ஃபினாவுக்கு அப்போதுதான் தெரியும். அவள் கணவன் முகத்தையே பார்த்தாள். மனசாரச் சொல்கிறானா, அவள் காதில் விழட்டும் என்று சொல்கிறானா?

"அம்மாகிட்ட எப்ப சொன்ன? நான் மனுவை நிறுத்தறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள்.